யாருக்கும் பொங்காத வீடு

பெரம்பூரில் பால் பொங்க மறுத்த வருஷம் என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்த வருஷத்துத் தை மாதம் முதல் முகூர்த்தத்தில், பேப்பர் மில்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வாடகை வீட்டுச் சமையலறையில், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த பித்தளைப் பாத்திரத்தில், பச்சைப் பாக்கெட் பால் அரை மணி நேரமாக எரிகிற தீயின் மேல் உட்கார்ந்துகொண்டு, அப்போதுதான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மேனிக்குச் சில்லென்று இருந்தது.

குடிவந்தவர்கள் வேளச்சேரிப் பக்கத்துக் குடும்பம். மாமியார் சிலிண்டரைக் குறை சொன்னாள், சிலிண்டரை மாற்றினார்கள். மாமனார் பாலைக் குறை சொன்னார், வேறு பாக்கெட் வாங்கி வந்தார்கள். மகன் அடுப்பைக் குறை சொன்னான், பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் அடுப்பு வந்தது. மருமகள் மட்டும் எதையும் குறை சொல்லாமல் நின்றாள். அடுத்த குறை தன் தலையில்தான் வந்து விடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவள் சுகிர்தம். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் வீடு காட்டிக் காட்டியே செருப்பைத் தேய்த்துப் புருஷனையும் பிள்ளைகளையும் கரையேற்றியவள், புரோக்கர் என்று சொன்னால் முறைப்பாள், சுகிர்தம் மேடம் என்றால்தான் சாவி எடுப்பாள். அவள் அடுப்புக்கு மேலே கையை நீட்டினாள், சுட்டது. பாலுக்குள் சுண்டுவிரலை விட்டாள், குளிர்ந்தது. பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மாடியிறங்கி, வாட்ச்மேன் டீ போடுகிற அடுப்பில் வைத்தாள். முந்தானையைச் செருகுவதற்குள் பால் பொங்கியது. திரும்பி மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"வீட்டுக்கு உங்களைப் பிடிக்கலை. அயனாவரத்துல இன்னொண்ணு இருக்கு, பாக்கறீங்களா?"

அதே வாரம் அதே வீட்டை இரண்டு நர்ஸ் பெண்களுக்குக் காட்டினாள். 'பேச்சிலர்களுக்குக் கிடையாது' என்று அதுவரை கறாராக இருந்த வீட்டுக்காரர், காலி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டிய வயிற்றெரிச்சலில் சரி என்றிருந்தார். அந்தப் பெண்கள் லைட்டரைக் கீழே வைப்பதற்குள் பால் பொங்கி, மேடையில் வழிந்து, கூடத்தைத் தாண்டி, ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே வாட்ச்மேன் கழற்றிப் போட்டிருந்த செருப்பை நனைத்து, தெருநாய் ஒன்றை எழுப்பிவிட்டு, அப்புறம்தான் நின்றது.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், இல்லை. சொன்ன நாளில் தண்ணி லாரி வராத ஊர், மழை பெய்தால் சுரங்கப்பாதை முழுகுகிற ஊர், முழுகாத வருஷத்தில் 'என்ன இந்த வருஷம் முழுகவே இல்லை' என்று கவலைப்படுகிற ஊர். பால் பொங்காததை அந்த வரிசையில் கடைசியாக நிற்கவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது. ஏன் பொங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எந்த வீட்டில் யாருக்குப் பொங்கியது என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

பங்குனி பிறப்பதற்குள் எல்லாம் முறையாகிவிட்டது. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சியது போய், பால் காய்ச்சிவிட்டு டோக்கன் கொடுப்பது என்று ஆனது. புரோக்கர்கள் எல்லாரும் மடக்கு அடுப்பு ஒன்றும் சின்ன சிலிண்டர் ஒன்றும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டார்கள். பால்காரர் 'வீடு பார்க்கிற பாக்கெட்' என்று கையடக்கமாக ஒன்று போட ஆரம்பித்தார். வீட்டுக் கடன் கொடுக்கிற அதிகாரிகள் பொங்கிய படத்தைப் போனில் அனுப்பச் சொன்னார்கள். கோயில் குருக்கள் இது அன்னபூரணியின் சோதனை என்றார், பாதிரியார் பாலும் தேனும் ஓடும் தேசத்தைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார், ஜமாலியா பக்கத்து மருந்துக்கடை பாய், 'நாங்களும்தான் காய்ச்சறோம், எங்களுக்கு மட்டும் என்ன தள்ளுபடியா' என்று சிரித்தார். வரன் தேடுகிறவர்கள், சொந்த வீடு உண்டு என்பதற்குப் பக்கத்தில், பால் பொங்கும் என்று சேர்த்துக்கொண்டார்கள். பொங்காத பாலை எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப் போய் டீ போட்டுக் குடித்தார்கள். அந்தக் கோடையில் பெரம்பூர்க்காரர்கள் தங்களை வேண்டாமென்ற வீடுகளின் டீயையே அதிகம் குடித்தார்கள்.

தில்லுமுல்லும் உடனே வந்தது. சோப்புத்தூள் போட்டு நுரைக்க வைத்தவன் உண்டு, அடியில் வெந்நீர்ப் பாத்திரத்தை ஒளித்தவன் உண்டு, எதற்கும் மசியாமல் பால் பால்போல இருந்தது. அதைவிட விசித்திரம் மார்க்கெட் போன போக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் பொங்குகிற வீட்டை ஊர் மதிக்கவில்லை. "அதுவா? அது எல்லாருக்கும் பொங்கும்" என்று உதட்டைச் சுழித்தார்கள், சில பெண்களைப் பற்றிப் பேசும்போது சுழிக்கிற அதே உதடு. மாறாக, யாருக்குமே பொங்காத வீடு என்றால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எங்க வீட்ல ஒரு டாக்டருக்கே பொங்கலையாக்கும்" என்று வீட்டுக்காரர்கள் வாக்கிங் போகும்போது பெருமையடித்தார்கள். வாடகைக்கு விட முடியாத வீட்டுக்கு வாடகை ஏறுகிற கூத்தை இந்த ஊர் வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரால் நடத்த முடியும்?

சுகிர்தம் இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன மகராசன், வாடகைக்குப் பிடித்துப் பார் என்று சொல்ல மறந்துவிட்டான் என்பாள். "முன்னாடி வீட்டுக்காரனுக்கு மட்டும் பல்லைக் காட்டணும், இப்ப வீட்டுக்கும் சேர்த்துக் காட்டணும், அவ்வளவுதானே" என்பாள். அவளை அந்த வருஷம் அசைத்தது ஒரே ஆள்தான். அவள் பெயர் பரிமளா.

பரிமளா கல்யாணப் பெண்களின் முகூர்த்தப் புடவைக்கு முன்கூட்டியே மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி, பெட்டியில் வைத்துக் கொடுக்கிறவள். பெண் போய் நின்றால் போதும், புடவை தானாகக் கட்டிக்கொள்ளும். அவளும் பத்தாவது போகப்போகிற மகள் யாழினியும் அகரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தார்கள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு, ஆனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆனி முடிந்தால் ஆடி. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், யாரும் வீடு விடவும் மாட்டார்கள், பால் வைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனிக்குள் வீடு கிடைக்கவில்லையென்றால் மகளை ஆவடியில் சித்தி வீட்டிலும், இஸ்திரி மேஜையைத் தெரிந்தவர் ஷெட்டிலும், தன்னை ஏதாவது ஹாஸ்டலிலும் போட்டுவைக்க வேண்டும். மூன்றாகப் பிரிந்த குடும்பம் திரும்ப ஒன்றாகச் சேராது என்று பரிமளா பயந்தாள், அவள் பயந்ததில் நியாயமும் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்குப் பொங்காத வீடே இல்லை. சுகிர்தம் எங்கே கூட்டிப்போனாலும், அடுப்பைப் பற்றவைத்த கையோடு பால் எழும்பி நின்று வணக்கம் சொல்லாத குறை. பொங்கினால் என்ன? பால் சரி என்றது, வீட்டுக்காரர்கள் முடியாது என்றார்கள்.

"சார் எப்ப வருவார்?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"சார் இல்லாம எப்படிம்மா, லேடீஸ் மட்டும்னா பக்கத்து வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று இன்னொரு வீட்டில்.

வெளியே வந்ததும் சுகிர்தம் பொருமினாள். "ஏண்டி, துபாய்ல இருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லேன். என்ன குறைஞ்சு போயிடும்?"

"போங்கக்கா. அந்த ஆளுக்குப் பொய்யிலகூட துபாய் எல்லாம் குடுக்க முடியாது."

போகப் போக, பால் பொங்குவதே அவளுக்குக் கெட்ட பெயரானது. எல்லா வீட்டிலும் பொங்குகிறதாமே, அது எப்படி, அவள் எப்படிப்பட்டவளோ என்று காய்கறி வண்டி முன்னால் பேச்சுக் கிளம்பிவிட்டது. பொங்காத மருமகளுக்கும் ஏச்சு, பொங்கின பரிமளாவுக்கும் ஏச்சு. பாலுக்கு மட்டும் எந்த ஏச்சும் இல்லை, அது ஆண்பால் போலிருக்கிறது.

கடைசியில் ஆனி பாதி போன பிறகு, சுகிர்தம் கையில் ஒரே ஒரு சாவிதான் மிஞ்சியது. அது வைத்தியலிங்கம் சார் வீட்டுச் சாவி.

வைத்தியலிங்கம் சார் பெரிய ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த நாற்காலியிலிருந்து உடம்பு மட்டும்தான் எழுந்து வந்திருந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு ஃபிளாட். மேல்வீட்டில் அவரும் மனைவி தையல்நாயகியும். முதல் மாடியில் இருந்த கீழ்வீட்டை ஓய்வுப் பணத்தில் வாங்கி, வருமான வரிக்காக மனைவி பெயரில் பதிந்திருந்தார். அந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படி மனைவிகள் பெயரில்தான் இருந்தன, மனைவிகள் உட்பட யாருக்கும் அது ஞாபகம் இல்லை. கீழ்வீடு தையிலிருந்து பூட்டிக் கிடந்தது. டாக்டர் தம்பதிக்குப் பொங்கவில்லை, வெளிநாட்டுக் கம்பெனி மேனேஜருக்குப் பொங்கவில்லை, நாலு லாரி வைத்திருந்தவருக்கும் பொங்கவில்லை. ஒவ்வொரு முறையும் காலிக் கூடத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பால் பொங்காததை அவர் ரசித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு வாடகையை ஏற்றுவார்.

"இந்தப் பேட்டையிலேயே நம்ம வீடு ஒண்ணுதான் சுகிர்தம், யாருக்கும் வளைஞ்சு குடுக்காத வீடு. ஏன் சொல்லு? என் வீடு."

சுகிர்தம் பரிமளாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனது ஒரு முற்பகல். பரிமளா மடிப்புக் கலையாத காட்டன் புடவையில், கையில் பால் பாக்கெட்டோடு நின்றாள். யாழினி வாசற்படியோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே எத்தனை ஜன்னல் என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர்?" என்றார் வைத்தியலிங்கம் சார், நாற்காலியிலிருந்து.

"நானும் பொண்ணும் சார்."

"சார்?"

"சார் இல்லை சார்."

"இல்லைன்னா? வெளியூரா, வெளிநாடா?" ஒரு விரலை விட்டத்தைப் பார்த்து உயர்த்தினார். "மேலேயா?"

"திருவொற்றியூர் சார். வேற ஒருத்தங்களோட."

அவருக்கு முகம் சுருங்கியது. "முட்டை?"

"சாப்பிடுவோம் சார்."

"ஆணி?"

"அதைச் சாப்பிட மாட்டோம் சார். செவுத்துலயும் அடிக்க மாட்டோம்."

சுகிர்தம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வைத்தியலிங்கம் சார் சிரிக்கவில்லை. "வைக்கச் சொல்லு. ஊரெல்லாம் பொங்கினது இங்க பொங்குதான்னு பாத்துடுவோம்."

சுகிர்தம் பையிலிருந்து அடுப்பை எடுத்து மேடையில் வைத்தாள். பரிமளா தன் வழக்கப்படி ஈர விரலால் பாத்திரத்தில் மூன்று பொட்டு வைத்து, பாலை ஊற்றி, பற்றவைத்தாள். தீ நீலமாக எரிந்தது. பால் அசையவில்லை. பக்கத்து ஃபிளாட்காரர்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள், எங்கே பால் வைத்தாலும் கூட்டம் சேர்வது அந்த வருஷத்துப் பொழுதுபோக்கு. தீயைக் கூட்டினாள். பாலின் மேல் ஒரு சின்ன ஆவிகூட எழவில்லை. பரிமளா விரலை விட்டுப் பார்த்தாள், விட்ட விரலை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றாள்.

ஆட்கள் வேண்டாம் என்று சொன்னதை அவள் இதுவரை துடைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆட்கள் அப்படித்தான். வீடே வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வீட்டுக்குச் சாரும் கிடையாது, சாதியும் கிடையாது, பக்கத்து வீட்டுப் பேச்சும் கிடையாது. அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் எங்கே போவது?

"போலாங்க்கா," என்றாள் சன்னமாக. "யாழி, வா."

"சொன்னேன்ல," என்றார் வைத்தியலிங்கம் சார், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "என் வீட்டுக்கு ஒரு தரம் இருக்கு."

சுகிர்தத்துக்குக் கோபம் வருவது அபூர்வம், வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும். எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு முன்னால் சிரித்துச் சிரித்து நைந்துபோன வாய் அது. அடுப்பை அணைக்கப் போன கை நின்றது. நின்ற இடத்தில், இத்தனை மாதமாக ஊரில் ஒரு மனுஷனுக்குத் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது: குடிவருகிறவர்கள் எல்லாரும் வைத்தார்கள், நர்ஸ் வைத்தாள், டாக்டர் வைத்தாள், லாரிக்காரர் பெண்டாட்டி வைத்தாள். வீட்டுக்காரன் ஒருத்தனாவது வைத்தானா?

"சார்," என்றாள் மெதுவாக. "நீங்க வெச்சிருக்கீங்களா இந்த வீட்ல?"

"நான் எதுக்கு வைக்கணும்? நான் ஓனர்."

"அதான் சார் கேக்கறேன். ஓனருக்குப் பொங்குற வீடுன்னா எனக்கு மார்க்கெட்ல சொல்றதுக்கு ஒரு கெத்து. யாருக்கும் பொங்கலை, ஓனருக்கு மட்டும் பொங்குச்சுன்னா வாடகை எங்கேயோ போயிடும்." வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்களா?"

வாசலில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் வாடகைக்கு இருப்பவர்கள், அவர்கள் சற்றுப் பலமாகவே ஆமாம் என்றார்கள்.

வைத்தியலிங்கம் சார் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மேடைக்கு வந்து, சுகிர்தம் மாற்றி ஊற்றிய புதுப் பாலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், லைட்டரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினார். இரண்டு ஃபிளாட்டுக்குச் சொந்தக்காரர், மூன்று முறை பதவி உயர்வு பெற்றவர், வாழ்நாளில் ஒரு அடுப்பைப் பற்றவைத்ததில்லை என்பது அன்றைக்கு அந்த மாடிக்கே தெரிந்துபோனது. ஒரு பெண் திருகு எங்கே என்று வாசலிலிருந்தே சொல்லிக் கொடுத்தாள். குபுக்கென்று பற்றியதில் ஒரு அடி பின்வாங்கினார்.

எல்லாரும் பார்த்தார்கள். பால் பார்த்தது. தீ எரிந்தது, நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து இறங்கியது, அவர் விரலைப் பாலில் விட்டு, சட்டென்று எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். சுட்டதால் எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"பால் சரியில்லை," என்றார்.

"பால் சரிதான்," என்று ஒரு குரல் கேட்டது.

தையல்நாயகி வாசலில் நின்றிருந்தாள். தினம் அந்த நேரத்துக்குக் கணவருக்கு இரண்டாவது காப்பி கொண்டு வருவாள், அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே. அன்றைக்குக் கீழ்வீட்டில் இருந்ததால் கீழ்வீட்டுக்குக் கொண்டு வந்தாள். கையில் டம்ளரும் டபராவும். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் உள்ளே வந்து சமையலறையைச் சுற்றிப் பார்த்த விதத்தில், அந்த வீட்டை இதற்கு முன் சரியாகப் பார்த்ததில்லை என்பது சுகிர்தத்துக்குப் புரிந்தது.

"கிரகப்பிரவேசத்துக்கு இங்க பால் காய்ச்சினது இவர் அக்கா," என்றாள் தையல்நாயகி, யாருக்கும் அல்ல, மேடைக் கல்லுக்குச் சொல்வதுபோல. "நாத்தனார் கையால காய்ச்சினாத்தான் விசேஷம்னு சொன்னாங்க. வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போடணுமே, நான் மொட்டை மாடில கோட்டை அடுப்புக்கிட்ட நின்னேன். கீழ வந்தப்ப எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிட்டிருந்தாங்க."

டம்ளரைக் கணவர் கையில் கொடுத்தாள். அவருடைய பாலை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு பாத்திரத்தில் புதிதாக ஊற்றினாள். அடுப்பைப் பார்க்காமலே பற்றவைத்தாள், நாற்பது வருஷப் பழக்கம்.

பால் முதலில் ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் எழும்பியது. விளிம்பில் வந்து நின்று, நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக வழிந்தது, மேடையை நிறைத்தது, தரையில் இறங்கியது, கூடத்துக்குப் போனது, பிளாஸ்டிக் நாற்காலியின் நாலு காலையும் சுற்றிக்கொண்டு, காப்பியும் கையுமாக நின்றவரின் பாதங்களை நனைத்து, வாசலில் யாழினியின் பள்ளிக்கூட ஷூ வரைக்கும் வந்து, அதைத் தொடாமல் ஒதுங்கி, பால்கனி வழியாக வெளியே விழுந்தது. அந்தச் சின்னப் பாத்திரத்தில் அவ்வளவு பால் ஏது என்று கேட்காதீர்கள், அங்கே இருந்த யாரும் கேட்கவில்லை. தெருவில் இளநீர் விற்கிறவர் நிமிர்ந்து பார்த்து, "தையல் அம்மா வீட்ல பொங்கிருச்சு!" என்று கத்தினார். அதுவரைக்கும் அது வைத்தியலிங்கம் சார் வீடாக இருந்தது.

தையல்நாயகி அடுப்பை அணைத்துவிட்டுப் பரிமளாவைப் பார்த்தாள். "நீ இப்ப வை."

"அம்மா, எனக்குப் பொங்கலைம்மா."

"அப்ப நான் வெச்சிருக்கலை. வை."

பரிமளா வைத்தாள். பொங்கியது. கூத்தும் வெள்ளமும் இல்லாமல், ஒரு வீட்டில் ஒரு நாள் காலையில் பொங்குகிற மாதிரி, அளவாக, விளிம்பில் ஒரு முத்தம் வைத்துவிட்டு அடங்கியது. யாழினி ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"இரு இரு," என்றார் வைத்தியலிங்கம் சார். "இங்க யாரை வைக்கறதுன்னு நான் இன்னும் சொல்லலை."

"வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டாள் தையல்நாயகி. சண்டைக்குக் கேட்கவில்லை, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"உன் பேர்லதான். அது வரிக்காகப் போட்டது."

"எதுக்காகப் போட்டா என்ன, பேர் என் பேர்தானே?"

சுகிர்தம் எத்தனையோ வீட்டை முடித்திருக்கிறாள், சண்டையில் முடித்திருக்கிறாள், கண்ணீரில் முடித்திருக்கிறாள், ஒரு தடவை சாவு வீட்டிலேயே முடித்திருக்கிறாள். இவ்வளவு சுத்தமாக எதுவும் முடிந்ததில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்த சாவிக் கொத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, அதை எப்போதும் நீட்டுகிற பக்கம் நீட்டாமல் தையல்நாயகி பக்கம் நீட்டினாள்.

"ஓனரம்மா, என்ன கண்டிஷன் சொல்லிடுங்க. எத்தனை பேர், என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு கேட்."

தையல்நாயகி யோசித்தாள். அவளிடம் அதுவரை யாரும் கண்டிஷன் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பெரிய ரூம் அவங்களுக்கு. இஸ்திரி மேஜையை ஜன்னல்கிட்ட போடட்டும், வெளிச்சம் வேணும். சின்ன ரூமை மட்டும் எனக்கு விட்டுடணும்."

"உங்களுக்கா? நீங்க மேல இருக்கீங்களேம்மா," என்றாள் பரிமளா.

"இருந்தேன்," என்றாள் தையல்நாயகி.

வைத்தியலிங்கம் சார் இதை நம்பவில்லை. நாலு பேருக்கு முன்னால் வீம்பு, சாயங்காலம் டிபனுக்கு மேலே வந்துவிடுவாள் என்று நினைத்தார். சாயங்காலம் வந்தாள்தான், தலையணையையும், சுவாமி படத்தையும், தன் காப்பிப் பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஆடி பிறப்பதற்குள் இஸ்திரி மேஜை வந்துவிட்டது. ஜன்னலோரத்தில் அரக்கும் மயில்கழுத்துப் பச்சையுமாக யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தம் மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்டது, யாழினி அதே மேஜையின் அடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

ஆடி முதல் நாள் சுகிர்தம் கமிஷன் வாங்க வந்தாள். ஆடியில் வேறு வேலையில்லை, உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணமும் இருந்தது. தையல்நாயகி போட்ட காப்பி பாதி இறங்கியிருக்கும், வாசல் கிரில் கதவில் லேசாகத் தட்டும் சத்தம் கேட்டது.

வைத்தியலிங்கம் சார் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். ஒரு கையில் லைட்டர், நேராகப் பிடித்திருந்தார், அந்த மட்டுக்குத் தேறியிருந்தார். இன்னொரு கையில் பாத்திரம், அதில் பால். ஆடைகூடக் கட்டாத பால். கிரிலுக்கு வெளியே இருந்தே அதன் குளிர் சுகிர்தத்தின் முழங்காலில் பட்டது.

மேல்வீட்டில் முப்பது வருஷமாகத் தினமும் பொங்கியதே, அது யாருக்காகப் பொங்கியது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிப்பதற்கு இந்த வாரம் நிறைய நேரம் கிடைத்திருந்தது.

பரிமளா ஊசியை வாயில் கடித்தபடி எழப் போனாள். சுகிர்தம் கையமர்த்திவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, வேலைக்குப் போகிற நடையில் கதவருகே போனாள். கிரிலைத் திறக்கவில்லை.

"வீடு பாக்க வந்தீங்களா சார்?"

அவர் பாத்திரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்," என்றார்.

"ஃபேமிலியா, பேச்சிலரா?"

இந்தக் கேள்வியை அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது. மேஜைக்கு அடியிலிருந்து யாழினி எட்டிப் பார்த்தாள்.

"தெரியலை," என்றார் கடைசியில். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

சுகிர்தம் திரும்பி உள்ளே பார்த்தாள். "ஓனரம்மா, என்ன சொல்லட்டும்?"

தையல்நாயகி சின்ன அறையிலிருந்து வெளியே வரவில்லை. டபராவில் காப்பி ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது, உயரத்திலிருந்து, நிதானமாக, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும்.

"உள்ள விடு," என்றாள். "அவரே பத்தவெச்சு, அவரே பக்கத்துல நின்னு பாத்துக்கட்டும். பொங்கினா மேற்கொண்டு பேசுவோம்."